கோடு கிழிப்பது யார்?

மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, காசநோய்க் குறி உண்டா என்று சொல்லும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சோதிக்கையில், படம் பார்க்கும் டாக்டருக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாமென்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நாம் வரவேற்கிறோம். படம் பார்க்க டாக்டர் இல்லாத ஊருக்கு இது பெரும் துணை.

ஆனால், இயந்திரம் தருவது தீர்ப்பல்ல. சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் ஓர் எண். எந்த எண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனை என்று கோடு கிழிப்பவன் மனிதன்! கோட்டினை உயர்த்தினால் பரிசோதனைச் செலவு குறையும். நோயாளிகள் சிலர் 'நோயில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவர். தாழ்த்தினால் செலவு கூடும், உயிர்கள் தப்பும். கல்குவாரித் தொழிலாளியின் நுரையீரலிலோ தூசியின் வடு. பழைய நோயின் தழும்பு. அவனுக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் ஒரே கோடு பொருந்துமா?

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி, ஏழை தன் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாமென்று 1959-ல் உலகுக்கு நிரூபித்தது. அன்று விஞ்ஞானம் குடிசையைத் தேடி வந்தது. இன்றும் வரட்டும்!

கோடு எந்த எண்ணில், ஏன் என்பதைச் சர்க்கார் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். சந்தேகத்துக்குள்ளான ஒவ்வொருவருக்கும் இலவசப் பரிசோதனையும் அன்றைய கூலியும் தர வேண்டும். கஜானாவின் கனம் பார்த்துக் கோடு கிழிப்பதை நாம் ஏற்கோம்.

தோழர்களே! உங்கள் ஊருக்கு அந்த இயந்திரம் வரும் நாளில் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்: "இங்கே கோடு எந்த எண்ணில்?"