முத்தைப் படைப்பது மணலா, மாண்டிலா?

முத்து எவ்வாறு உண்டாகிறது என்று பள்ளி மாணாக்கன் ஒருவனை வினவினால், சிப்பியின் வாய்க்குள் மணல் துகள் ஒன்று விழுந்துவிடுகிறது என்றும், அதன் உறுத்தலைத் தாங்காமல் சிப்பி ஒருவகைப் பாலைச் சுரந்து அதை மூடுகிறது என்றும் தயங்காமல் விடை கூறுவான். அவனுடைய ஆசிரியரும் பெரும்பாலும் அதையே கூறுவார். சுவாதி நட்சத்திரத்தன்று பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகிறது என்று முன்னோர் நம்பியதைப் பாமரர் கதையென ஒதுக்கியவர்கள், அதன் இடத்தில் மணலை அமர்த்தி, அதற்கு விஞ்ஞானம் என்று பெயரிட்டுக்கொண்டனர். துளி துகளாயிற்று, வேறொன்றும் மாறவில்லை.

முத்துச்சிப்பி கடலடியில் வாழும் பிராணி. மன்னார் வளைகுடாவில் 'பார்' என்று வழங்கும் பாறைத் திட்டுகளில் தன் நார்களால் பற்றிக்கொண்டு, இடைவிடாமல் நீரை உள்ளிழுத்து வெளிவிடுகிறது. அந்நீரோடு மணலும் சேறும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைச் சளியில் திரட்டி வெளியே தள்ளுவது அதன் அன்றாட அலுவல். மணல் புகுவதே முத்துக்குக் காரணமாயின் ஒவ்வொரு சிப்பியும் முத்துக் குவியலாக இருத்தல் வேண்டும். குளித்தெடுத்த சிப்பிகளை ஆயிரக்கணக்கில் பிளந்து ஏமாந்தவர்களுக்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கதையில் விடுபட்டுப் போனது மாண்டில் என்னும் உறுப்பு. சிப்பியின் இரு ஓடுகளின் உட்புறத்தையும் தழுவி, உடலை இருபுறமும் போர்த்தியிருக்கும் மெல்லிய திசு இது. இதனைப் போர்வை என்று மொழிபெயர்ப்பதில் பிழையில்லை. ஆயினும் போர்வை என்றதும் வெறும் மூடி என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. உண்மையில் ஓடு முழுவதையும் கட்டியெழுப்பும் கொத்தனார் இத்திசுவே. இதன் விளிம்பில் மூன்று மடிப்புகள் உள்ளன. உள்மடிப்பு தசை மிக்கது. நீரின் போக்கை ஒழுங்குபடுத்துகிறது. நடுமடிப்பு உணர்ச்சிக்குரியது. வெளிமடிப்பே ஓட்டைச் சுரப்பது. வெளிமடிப்புக்கும் நடுமடிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்திலிருந்து ஓட்டின் புறத்தோல் புறப்படுகிறது. அதன் உட்புறமாக, மாண்டிலின் விளிம்புப் பகுதி கால்சைட் படிகங்களைத் தூண்தூணாக நிறுத்துகிறது. விளிம்பை விட்டு உள்ளே செல்லச் செல்ல, மாண்டிலின் வெளிப்பரப்பு அரகோனைட் தகடுகளை அடுக்கடுக்காகப் பரப்புகிறது. ஒளிவீசும் முத்தடுக்கு இதுவே. கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே கால்சியம் கார்பனேட்டின் இரு படிக வடிவங்கள். ஒரே சரக்கை இரண்டு வடிவமாக, அதுவும் அதனதன் இடத்தில் பிறழாமல் வார்க்கும் திறமை அந்த மெல்லிய திசுவினுடையது.

ஓட்டின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கு சுண்ணாம்புப் பொருளே. எஞ்சிய சிறு பங்கான புரதமும் கைட்டினும்தான் படிகம் எங்கே தொடங்குவது, எவ்வடிவம் கொள்வது, எங்கே நிற்பது என்பவற்றைத் தீர்மானிக்கின்றன. முத்தடுக்கின் ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமே உடையது. 1996-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் முத்துச்சிப்பியிலிருந்து நேக்ரெயின் என்ற புரதத்தைப் பிரித்து விவரித்தனர். 2012-இல் அச்சிப்பியின் மரபணுத் தொகுதியே வெளியிடப்பட்டது. இவ்வளவும் வெளிவந்த பின்னரும் வகுப்பறையில் மணல் துகள் அசையாமல் வீற்றிருக்கிறது.

இனி முத்துக்கு வருவோம். மாண்டிலின் வெளிப்பரப்பிலுள்ள உயிரணுக்களில் சில, புழுவின் துளைப்பினாலோ வேறு காயத்தினாலோ இடம்பெயர்ந்து உள்திசுவுக்குள் புதைந்துவிடுவது உண்டு. புதைந்த இடத்தில் அவை பெருகி ஒரு பையாக அமைகின்றன. பையாகிவிட்ட போதிலும் பழைய தொழிலை அவை மறப்பதில்லை. ஓட்டுக்குச் சுரந்ததையே பைக்குள் சுற்றிச் சுற்றிச் சுரக்கின்றன. அதுவே முத்து. இலங்கைக் கடலில் ஆராய்ந்த ஹெர்ட்மன், 1903 முதல் 1906 வரை வெளிவந்த அறிக்கைகளில், நாடாப்புழுவின் இளவுயிரே முத்துக்குக் காரணம் என்று கருதினார். பின்வந்தோர் அதை மறுத்தனர். புழுவைப் பற்றிய வாதம் எவ்வாறாயினும், பையின்றி முத்தில்லை என்பது நிலைத்துவிட்டது.

முத்து வளர்ப்பு முறையே இதற்குச் சான்று. ஒரு சிப்பியின் மாண்டிலிலிருந்து சில மில்லிமீட்டர் அளவே உள்ள துண்டை வெட்டி, ஓட்டினால் செய்த உருண்டை மணியோடு ஒட்டியிருக்குமாறு மற்றொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்பினுள் வைக்கின்றனர். தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சுவாமியின் முயற்சியால் 1973-இல் உருண்டை முத்து விளைந்தது இம்முறையினால்தான். திசுத் துண்டின்றி மணியை மட்டும் உடலுக்குள் வைத்தால் மணி மணியாகவே இருக்கும், அல்லது வெளியே தள்ளப்படும். அதே பொருளை மாண்டிலுக்கும் ஓட்டுக்கும் இடையில் வைத்தாலோ, திசுத் துண்டு தேவையில்லை. மாண்டிலே அதன் மீது முத்தடுக்கைப் பூசி ஓட்டோடு ஒட்டவைத்துவிடும். உருவ முத்துகள் இவ்வாறே செய்யப்படுகின்றன.

கள ஊழியர்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது வெறும் ஏட்டறிவுக்காக அன்று. குளத்து மட்டியில் முத்து வளர்த்துப் பொருளீட்டலாம் என்ற ஆசை இந்நாளில் சிற்றூர்களிலும் பரவியுள்ளது. மணல் கதையை நம்பும் விவசாயி, எதையேனும் உள்ளே திணித்தால் போதும் என்று எண்ணுகிறார்; மட்டி மடிகிறது, முதலும் மடிகிறது. அவர் செய்வது உயிருள்ள திசுவின் மீது ஓர் அறுவைச் சிகிச்சை என்பதையும், துண்டு கொடுக்கும் மட்டியின் நலமும் கையின் துப்புரவும் விளைச்சலைத் தீர்மானிப்பவை என்பதையும், முதல் மணியை வைப்பதற்கு முன்னரே ஊழியர் அவருக்கு விளக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கோ பெருஞ்செலவுள்ள கருவி ஒன்றும் வேண்டியதில்லை. உயிருள்ள மட்டியைக் கொல்லவும் வேண்டா. குளக்கரையில் கிடக்கும் வெற்று ஓடு ஒன்று போதும். அதன் சிறு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் நுரைத்துக் கரையும். எழும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். எல்லாம் கரைந்த பின் மெல்லிய சவ்வு ஒன்று மிஞ்சி நிற்கும். பின்னர் முழு ஓட்டின் முதுகுப்புற முடிச்சை மாணாக்கர் உற்று நோக்கட்டும். அங்கே பழுப்புத் தோல் தேய்ந்து வெண்மை தெரியும். தோலைச் சுரக்கும் விளிம்பு ஓடு வளர வளர விலகி வந்துவிட்டமையால், அவ்விடத்திற்குப் புதுத்தோல் போர்த்த இயலாது. உள்ளிருந்து முத்தடுக்கைக் கனப்படுத்தித்தான் மட்டி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.