சிறுவன் கையில் கார் சாவி: யார் பொறுப்பு?

2024 மே 19 அதிகாலை. புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற 2 ஐடி ஊழியர்கள் உயிரிழந்தனர். அன்றைக்கே ஜாமீன். அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, 300 வார்த்தையில் கட்டுரை. நாடே கொதித்தது.

'பெரியவங்க மாதிரியே விசாரிக்கணும்' என்ற குரல் எழுந்தது. ஆனால், 16 வயதைத் தாண்டியவரை அப்படி விசாரிக்க, குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டாக இருக்க வேண்டும். டெல்லியில் 2016-ல் நடந்த கார் விபத்து வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020-ல் இதைத் தெளிவாக்கியது. புனே போலீஸின் கோரிக்கையும் 2025 ஜூலையில் நிராகரிக்கப்பட்டது.

அப்போ யாருக்குமே பொறுப்பில்லையா? இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பெற்றோரோ வாகன உரிமையாளரோதான் குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்' என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்கள்தான்.

முக்கியமான விஷயம்: இந்தப் பிரிவைப் போட உயிர் போக வேண்டியதில்லை. டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகும் 15 வயதுப் பையனை மடக்கும்போதே வழக்குப் போடலாம். பல இடங்களில் திட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். 'நம்ம பையன் நல்லா ஓட்டுவான்' என்று பெற்றோரும் பெருமைப்படுகிறார்கள்.

சிறுவனைச் சிறைக்கு அனுப்புவதா என்ற விவாதம், விபத்துக்குப் பிறகு வருவது. சாவியைக் கொடுத்தவரை முதல் நாளே கேள்வி கேட்டால், அந்த விவாதத்துக்கே வேலை இருக்காது.