செக்கிங் மேசையில் ஒரு நாவல்

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையைத் தாண்டாமல் எந்தத் துணியும் பெட்டிக்குள் போகாது. தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கிற பெண், ஆடை வடிவமைப்பில் பட்டம் வாங்கியவரல்ல. அவர் 'ஆகாது' என்றால் டெய்லர் முணுமுணுத்துக்கொண்டாவது பிரித்துத் தைக்கிறார். புத்தகத்துக்கு மட்டும் இப்படியொரு மேசை இல்லை. வெளியீட்டு மேடையில் எல்லா நாவலும் முக்கியமான நாவல்தான். வேலை முடிந்து வந்து பத்துப் பக்கம் படிக்கிற சாதாரண வாசகரோ, பாதியில் மூடியதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார். தனக்குத்தான் புரியவில்லை போலும் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். அவர் வாய்விட்டுச் சொல்வது தமிழ்ப் புத்தகங்களுக்கு நல்லது என்பது என் கட்சி.

இந்தப் பக்கத்து நாவல்களையே மேசையில் விரிக்கலாம். தாராபுரம் பகுதியைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கணவனை இழந்தவள் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. கொங்குப் பேச்சு காதில் விழுகிறது, சின்னப் புத்தகம், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவரும் இரண்டு மூன்று இரவில் முடித்துவிடலாம். குறை காண்பது சிரமம். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' வேறு ரகம். பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்கிற இளைஞர்களின் கதை. இந்த ஊர் எப்படிப் பணம் பார்த்தது, அதற்கு யார் எதை இழந்தார்கள் என்று அறிய இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாரம் இடைவெளி விட்டால், யார் எவர் என்று பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருக்கிறது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நொய்யல் ஆற்றில் கலந்த சாயத்தைப் பேசியது. சாயக்கழிவை வெளியேற்றும் ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்னால் வந்த நாவல் அது. அந்தத் துணிச்சலுக்குக் கும்பிடு. என்றாலும் சில இடங்களில் மனிதர்கள் ஒதுங்கிக்கொள்ள, பிரச்சினை தானே பேசுகிறது. 'முன்னோடிப் படைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் மூன்றையும் போர்த்தினால், எது யாருக்கு ஏற்றது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

பயிற்சியில்லாதவர் சொல்வது விமர்சனமாகுமா என்று கேட்பார்கள். விமர்சகர் க.நா.சு.வையும் இப்படித்தான் கேட்டார்கள். காரணம் சொல்லாமல் பட்டியல் போடுகிறார் என்று திட்டினார்கள். கோட்பாட்டை நம்பாமல் ரசனையை நம்பி அவர் தூக்கிப் பிடித்த எழுத்தாளர்கள் பலரை இன்று கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள். எல்லா வாசகரும் க.நா.சு. இல்லைதான். ஆனால் சாயப்பட்டறைக் காட்சி பொய்யா மெய்யா என்பதை அங்கே வேலை பார்த்தவரைவிடப் பேராசிரியர் நன்றாகச் சொல்லிவிட முடியுமா? வாசகர் பேச்சைக் கேட்டால் எளிதில் செரிக்கிற புத்தகங்கள் மட்டுமே பிழைக்கும் என்பது இன்னொரு பயம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். நீளம் யாரையும் விரட்டவில்லை. மௌனி போன்ற கடினமான எழுத்தாளர்கள் விஷயத்தில் மட்டும் இந்தப் பயத்தை ஒப்புக்கொள்கிறேன். அங்கே 'எனக்குப் புரியவில்லை' என்பது வாசகரின் நேர்மையான வாக்குமூலம்; புத்தகத்தின் மீதான தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. சில நூறு பிரதி விற்கவே திண்டாடுகிற உள்ளூர் எழுத்தாளரை நாமே குறை சொல்லலாமா? அந்த இரக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஊர்ப்பாசத்தில் புகழப்படும் புத்தகம் அலமாரியில் மரியாதையாக நிற்கிறது, யாரும் பிரிப்பதில்லை. துணியின் கதை வேறு: ஏற்றுமதியில் கழிந்தது திருப்பூரிலேயே காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகிறது. எங்கே குறை என்று தெரிந்தே வாங்கி ஆண்டுக்கணக்கில் உடுத்துகிறார்கள். 'நடுவில் இழுக்கும், ஆனால் படி' என்று ஒருவர் சொன்னால் அதை நம்பி இன்னொருவர் வாங்குவார். ஆண்டுதோறும் நடக்கிற திருப்பூர் புத்தகத் திருவிழாவில் மாலை மேடை பேச்சாளர்களுக்குப் போகிறது. ஒரே ஒரு மாலைப் பொழுதை வாசகர்களுக்குக் கொடுக்கலாம். கையில் புத்தகத்தோடு வந்து, எந்தப் பக்கத்தில் மூடினேன், ஏன் மூடினேன் என்று சொல்லட்டும். எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். பொன்னாடை அடுத்த நாள் போர்த்திக்கொள்ளலாம்.