பட்டா யார் பெயரில்?

1977 பிப்ரவரியில் வெளிவந்த 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் 11 பாடல்கள். அவற்றில் 4 பாடல்கள் கிறிஸ்டின் மெக்வீ எழுதியவை. 3 ஸ்டீவி நிக்ஸ் எழுதியவை. 3 லிண்ட்சி பக்கிங்காம் எழுதியவை. மீதி ஒன்று குழுவின் ஐந்து பேர் பெயரிலும் இருக்கிறது. ஆக, 11இல் 7 பெண்களின் பாடல்கள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். ஒவ்வொரு பாடலோடும் எழுதியவர் பெயர் அச்சாகியிருக்கிறது.

ஆனால் ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரை எடுத்தாலே நமக்குச் சொல்லப்படுவது வேறு கதை. யார் யாரைப் பிரிந்தார், யார் யாரோடு போனார் என்ற கதை. அந்தப் பிரிவுகளின் சூட்டில்தான் ஆல்பம் பிறந்தது, அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் உலகம் அதைக் கேட்கிறது என்று அந்தக் கதை முடியும். ராக் இசையில் ஊறிய நண்பர்கள் பலர் எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள். யார் யாரோடு இருந்தார்கள் என்பது அவர்களுக்கு நாள் வாரியாகத் தெரியும். 11இல் 7 என்ற கணக்கை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

பிரிவுகள் நடந்தவைதான். 1967இல் லண்டனில் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கிய ஃப்ளீட்வுட் மேக், 1976இல் கலிஃபோர்னியாவின் சாசலீட்டோ நகரில் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்ய உட்கார்ந்தபோது, பியானோ வாசித்துப் பாடிய கிறிஸ்டினும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும் மணவாழ்க்கையை முடித்துக்கொண்டிருந்தார்கள். பாடகி ஸ்டீவியும் கிட்டார் கலைஞர் லிண்ட்சியும் பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் ஆட்டம் கண்டிருந்தது. போதைப்பொருளுக்கும் குறைவில்லை. இதையெல்லாம் அவர்களே பேட்டிகளில் சொல்லிவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது கண்ணில் படாமல் போவது யாருடைய உழைப்பு?

'ட்ரீம்ஸ்' பாடலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த இந்தக் குழுவின் ஒரே தனிப்பாடல் அது. மற்றவர்கள் வேறு வேலையில் இருந்தபோது ஸ்டீவி ஸ்டுடியோவின் இன்னொரு அறைக்குப் போய், கீபோர்டை வைத்துக்கொண்டு, சுமார் 10 நிமிடத்தில் எழுதி முடித்தார். இந்தத் தகவலை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். மனம் உடைந்த பெண், பொங்கி வழிந்தது, பாட்டாகிவிட்டது! அதே ஆல்பத்தில் லிண்ட்சி ஒவ்வொரு ஒலியையும் செதுக்கியதைச் சொல்லும்போது மட்டும் 'மேதை' என்ற சொல் வந்துவிடும். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏறக்குறைய இரண்டே கார்டுகளில் நகரும் 'ட்ரீம்ஸ்' சலிக்காமல் இருப்பதில் அவர் அமைத்த இசைக்கோர்வைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஸ்டீவி 16 வயதில் கையில் கிட்டார் கிடைத்த நாளிலிருந்து பாட்டு எழுதியவர். அந்த 10 நிமிடத்துக்குப் பின்னால் 12 வருட எழுத்து இருக்கிறது. ஆண் செய்தால் கலை, பெண் செய்தால் டைரி. இலக்கியத்தில் நமக்குப் பழக்கமான அதே தராசுதான் இங்கேயும்.

அந்த 12 வருடத்தில் வேறு உழைப்பும் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருவரும் வாய்ப்புத் தேடிய காலத்தில், ஸ்டீவி உணவகத்தில் பரிமாறினார், வீடுகளைச் சுத்தம் செய்தார். லிண்ட்சி வீட்டில் கிட்டார் பயிற்சி செய்தார். பிறகு மிக் ஃப்ளீட்வுட் தன் குழுவுக்குக் கேட்டது கிட்டார் கலைஞரை மட்டும்தான். அவளும் வந்தால் வருகிறேன் என்று லிண்ட்சி சொன்னதால் ஸ்டீவியும் சேர்ந்தார். அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் 'கூட வந்தவள்' என்ற இடத்திலிருந்து தொடங்கியவர்தான் குழுவுக்கு அந்த ஒரே முதலிடத்தை வாங்கித் தந்தார்.

கிறிஸ்டினின் கதையும் அப்படித்தான். ஃப்ளீட்வுட் மேக்கில் சேருவதற்கு முன்பே சிக்கன் ஷாக் குழுவில் பாடி, 1969இல் 'மெலடி மேக்கர்' வாசகர்களால் சிறந்த பாடகியாகத் தேர்வானவர். சிற்பம் படித்தவர். 1970இல் வந்த 'கில்ன் ஹவுஸ்' ஆல்பத்தின் அட்டை ஓவியம் அவர் வரைந்தது. அதில் அவர் வாசித்தும் பாடியும் இருக்கிறார், ஆனால் இசைக்கலைஞர்கள் பட்டியலில் அவர் பெயரைப் போடவில்லை. கணவரின் குழுவுக்கு மனைவி செய்த ஒத்தாசைக்குக் கணக்கு எதற்கு?

'வலியிலிருந்துதான் கலை பிறக்கும்' என்ற வசனம்தான் எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுகிறது. 'ரூமர்ஸ்' அதற்கு முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுகிறது. சாட்சியையே விசாரிப்போம். கிறிஸ்டினின் 'டோன்ட் ஸ்டாப்' பிரிந்த கணவரைப் பார்த்து, நாளையை நினை என்று சொல்லும் பாட்டு. 'யூ மேக் லவிங் ஃபன்' புதிய காதலின் குதூகலம். 'சாங்பேர்ட்' வாழ்த்து. அது நள்ளிரவில் தோன்றியபோது பதிவுசெய்யக் கையில் கருவி இல்லை. மறந்துவிடக் கூடாதே என்று விடியும்வரை பியானோவில் திரும்பத் திரும்ப வாசித்தபடி உட்கார்ந்திருந்தார். இதற்குப் பெயர் வேலை. துக்க ஆல்பம் என்று பெயர் வாங்கியதில் இத்தனை வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண் என்பது அந்த வசனத்துக்குள் அடங்குவதில்லை.

அந்தப் புதிய காதல் பாட்டுக்குப் பேஸ் வாசித்தவர் முன்னாள் கணவர் ஜான். அவரிடம் கிறிஸ்டின், இது என் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவைத்தார். இதை எல்லோரும் நகைச்சுவையாகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மகிழ்ச்சியைத் தன் வேலையிடத்துக்குள் கொண்டுவர ஒரு பெண் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

வலி என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாடலைப் பாருங்கள். ஸ்டீவி இந்த ஆல்பத்துக்காக எழுதியது. நீளம் அதிகம் என்று நீக்கினார்கள். அந்த இடத்துக்கு அவருடைய பழைய பாட்டு ஒன்றை எடுத்து, மற்றவர்கள் வாசித்துப் பதிவுசெய்த பிறகுதான் அவரிடம் சொன்னார்கள். லிண்ட்சியின் 'கோ யுவர் ஓன் வே'யில் ஸ்டீவியைக் குற்றம் சாட்டும் ஒரு வரி உண்டு. அது உண்மையல்ல, எடுத்துவிடு என்று அவர் கேட்டார். வரி அப்படியே இருந்தது. அந்தப் பாட்டுக்கு அவரே பின்னணியும் பாடினார், மேடை மேடையாக, பல வருடம். நீக்கப்பட்ட 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' அதே பாட்டின் இசைத்தட்டில் மறுபக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 1997இல் 'தி டான்ஸ்' நிகழ்ச்சியில் லிண்ட்சியை நேராகப் பார்த்து ஸ்டீவி அதைப் பாடினார். அதை இன்றும் 'பழிவாங்கல்' என்று கொண்டாடுகிறார்கள். 20 வருடம் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு நல்ல பாட்டு உள்ளே வந்தது. எனக்குத் தெரிவது அதுதான்.

அந்தப் பாட்டின் உரிமையை ஸ்டீவி தன் அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். நம் ஊர்ப் பாட்டிகள் எந்தச் சண்டையிலும் கேட்கும் கேள்வி இங்கே பொருந்துகிறது: பட்டா யார் பெயரில்? பாடலை எழுதியவர் பெயர் என்பது வெறும் கௌரவம் அல்ல. அது வருமானம். காதலன் போனாலும் குழு கலைந்தாலும் கையை விட்டுப் போகாத நிலம். 4 கோடிக்கும் மேல் விற்ற ஆல்பத்தில் அப்படிப்பட்ட நிலம் இரண்டு பெண்களின் பெயரில் இருந்தது. அதனால்தான் பிரிந்த துணையோடு ஒரே அறையில் நின்று வேலை செய்யவும், நினைத்தபோது தனியே போகவும் அவர்களால் முடிந்தது. 1981இல் ஸ்டீவியின் தனி ஆல்பம் 'பெல்லா டானா' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. முன்னாள் காதலன் மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணிடம் போய், 'பார், அவர்கள் வலியைத் தாங்கி எப்படிச் சாதித்தார்கள்' என்று சொல்வது அயோக்கியத்தனம். அவளிடம் பட்டா இல்லை.

எழுதத் தொடங்கியிருக்கும் மாணவிகளுக்கு இதனால்தான் சொல்கிறேன். காயப்படுத்துகிறவனோடு இரு, கவிதை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதியதில் உங்கள் பெயரைப் போடுங்கள். ஒத்தாசையாக எதையும் செய்து கொடுக்காதீர்கள்.

அப்படியானால் இந்தக் குழு ஏன் இன்னும் கேட்கப்படுகிறது? 2020இல் 'ட்ரீம்ஸ்' ஒரு சிறு வீடியோவின் பின்னணியில் ஒலித்து, 43 வருடம் கழித்து மறுபடியும் தரவரிசைப் பட்டியலில் ஏறியது. அந்தப் பாட்டைப் புதிதாகக் கேட்ட பலருக்கு அந்த ஐந்து பேரின் பெயரே தெரிந்திருக்காது, காதல் கதை எங்கே தெரியப்போகிறது? அவர்கள் கேட்டது, போகிறாயா, போ என்று அழாமலும் கெஞ்சாமலும் சொல்லும் ஒரு பெண்குரல். கேட்பவளுக்கு அது போதும். அந்தக் குரலுக்குக் கீழே இழையும் இன்னொரு பெண்குரலும் சேர்ந்துதான் அந்தக் குழுவின் ஒலி.

அந்த இரண்டாவது குரலை மறக்கக் கூடாது. இன்னொரு பெண் குழுவில் சேர்வது உனக்குச் சம்மதமா என்று கிறிஸ்டினிடம் கேட்டபிறகுதான் ஸ்டீவி சேர்ந்தார். இரண்டு பெண்கள் என்றால் முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று உலகம் காத்திருந்தது. அவர்களோ, ஆண் இசைக்கலைஞர்கள் நிறைந்த அறையில் நம்மை இரண்டாந்தரமாக நடத்த விடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சாசலீட்டோவில் ஆண்கள் ஸ்டுடியோ வீட்டில் தங்க, இவர்கள் துறைமுகத்தின் அருகே தனியாக இடம் பிடித்துக்கொண்டார்கள்.

2022 நவம்பர் 30 அன்று கிறிஸ்டின் இறந்தார். 1975இன் முதல் நாளிலிருந்து என் உயிர்த்தோழி என்று ஸ்டீவி எழுதினார். அவர் இல்லாமல் இனி ஃப்ளீட்வுட் மேக் இல்லை என்றும் பிறகு சொல்லிவிட்டார். ஐம்பது வருடமாக இந்தக் குழுவில் ஜோடிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இந்த ஜோடியை எண்ணவே இல்லை.