ஓடுதுல்ல, விடு!

வரைபடத் தரவுத்தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புது பிராசஸர் உள்ள சர்வருக்கு மாற்ற வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், ஒரு கோஷ்டி கிளம்பிவிடும். "இதுல என்னப்பா இருக்கு? டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணு. ஸ்டார்ட் ஆச்சா? ஓடுதுல்ல, விடு!"

இந்த 'ஓடுதுல்ல'தான் இந்தத் துறையின் சாபக்கேடு என்பேன்.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ், அதன் மேல் உட்காரும் போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு ஃபோல்டரைக் காப்பி அடித்தால் சர்வர் எழுந்திருக்கவே இருக்காது. டம்ப் எடுத்து மறுபடி ஏற்றுங்கள் என்று கையேடே சொல்கிறது. ஆக, அங்கே பயமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது!

இன்டெல் வகை 64 பிட்டிலிருந்து 64 பிட் ஏஆர்எம்முக்குப் போவதுதான் குரைக்காத நாய். காப்பி அடித்தாலும் பெரும்பாலும் சமர்த்தாக எழுந்துவிடும். நம்மாள் டீ குடிக்கப் போய்விடுவார். பிறகுதான் கடி.

முதல் கடி, தேடலில். ஊர்ப்பெயரை அரைகுறையாக அடித்தாலும் கண்டுபிடித்துத் தரும் பிஜி_டிஆர்ஜிஎம் என்ற நீட்சி, பெயரைத் துண்டாக்கி இண்டெக்ஸில் வரிசையாக அடுக்கி வைக்கும். சி மொழியின் கேரக்டர் வகை இன்டெல் பக்கம் குறை எண்ணையும் ஏற்கும், ஏஆர்எம் லினக்ஸில் ஏற்காது. அதனால் இங்கே அடுக்கிய வரிசை அங்கே தப்பாகத் தெரியும். இருக்கிற ஊரை 'இல்லை' என்று சாதிக்கும்! வெறும் ஆங்கில எழுத்தில் இது வராது. தமிழ் மாதிரி எழுத்துகளில் வரலாம். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் இதற்கு வழி செய்தார்கள்.

இரண்டாவது கடி, கணக்கில். ஏஆர்எம்மில் ஜிசிசி கம்பைலர் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கி, ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்யும். சாதாரண இன்டெல் 64 பிட் கம்பைலில் இரண்டு முறை. தசமத்தின் கடைசி இலக்கம் மாறலாம்.

"கடைசி இலக்கம்தானே, ஒரு மில்லிமீட்டர்கூட வராதே" என்பீர்கள். தூரம் கேட்டால் சரி. ஆனால் இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கணக்கிட்டுவிட்டு, 'இது அந்தக் கோட்டின் மேல் இருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். அங்கே மில்லிமீட்டர் கிடையாது. ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று அடுத்தவன் நிலத்துக்குப் பதில் சொல்கிற சர்வர், பிராசஸர் மாறியதும் பேச்சை மாற்றலாமா?

பெரிய தரவுத்தளத்தை டம்ப் எடுத்து ஏற்ற நேரமாகும் என்பது நிஜம்தான். பல வேலைகளாகப் பிரித்து ஏற்ற வசதி இருக்கிறது, இண்டெக்ஸும் புதிதாகக் கட்டப்பட்டுவிடும். அப்புறம் நூறு கேள்விகளைப் பழையதிடமும் புதியதிடமும் கேட்டு, பதில்களை ஒப்பிடுங்கள். 'மேல் இருக்கிறதா' என்பதற்குப் பதில் 'இத்தனை தூரத்துக்குள் இருக்கிறதா' என்று கேட்கப் பழகுங்கள்.

சர்வர் ஓடுகிறது என்றால் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம். பதில் சரி என்று அர்த்தமில்லை. இல்லை என்பவர்கள் சண்டைக்கு வரலாம் :-)