அப்பா ஏன் கப்பல் ஏற மறுத்தார்?

சென்ற ஆண்டு இறுதி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் ஒரு திட்டம் போட்டோம். மரினா பே முனையத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்குவரை சென்று, மூன்று இரவுகளில் திரும்புவது. கப்பலிலுள்ள நீச்சல் குளத்தையும் நாடக அரங்கையும் கைத்தொலைபேசியில் பார்த்த என் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். எண்பது வயதைத் தொட்ட என் அப்பா மட்டும், "நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தலை சுத்தும்," என்று சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. சைவ உணவு கிடைக்கும், மருத்துவர் இருப்பார், மின்தூக்கி இருக்கும் என்று அடுக்கினேன். "நீங்க வரலைன்னா எங்களுக்கு மட்டும் எப்படித் தாத்தா சந்தோஷமா இருக்கும்?" என்றாள் மகள். என் தம்பியோ, பயணச்சீட்டை முதலில் வாங்கிவிடலாம், பணம் வீணாகக்கூடாது என்றாவது அப்பா வருவார் என்றான். அந்த வழி சில நேரம் பலிக்கும். 2020ஆம் ஆண்டின் இறுதியில், கொவிட்-19 காலத்தில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல் பயணங்கள் தொடங்கின. அப்போது எங்கள் அத்தையை இப்படித்தான் அழைத்துச் சென்றோம். அவர் பயணம் முழுவதும் அறையை விட்டு வெளியே வரவே இல்லை!

அன்புக்குரியவர்களை இணங்கவைப்பது வேறு, மடக்குவது வேறு. நாம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறோம் என்பது என் கருத்து.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் வேறு விதமாகக் கேட்டேன். "நீங்க கடைசியா எப்பப்பா கப்பல்ல போனீங்க?"

"அம்பத்திரண்டுல," என்றார்.

1952இல் அப்பாவுக்கு ஏழு வயது. பெரியப்பாவுடன் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறியிருக்கிறார். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1973வரை பல்லாயிரம் தமிழர்களைச் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி வந்தது. வசதி குறைந்தவர்களுக்கு அறை கிடையாது. மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு வாரம் படுத்துக் கிடக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையருகே வர முடியாது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் படகு நகர நகர, கரையில் நின்ற பாட்டி சிறிதாகிக்கொண்டே போனாராம். அதன்பின் அப்பா அவரைப் பார்க்கவே இல்லை.

அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே இதைச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. நீச்சல் குளத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நான் அத்தனை நாள் பேசியது, அவர் கேட்காத கேள்விக்கான பதில்.

எல்லாருடைய தயக்கத்திற்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு உண்மையிலேயே தலைசுற்றல்தான் பயம். அவர்களுக்குத் தகவல் உதவும். ரஜூலா சுமார் 8,500 டன் கப்பல். 2020இல் இங்கிருந்து புறப்பட்ட 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' ஏறக்குறைய 168,000 டன். இன்றைய சொகுசுக் கப்பல்களின் பக்கவாட்டில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகளும் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் அசைவு குறைவாகத் தெரியும். ஆனாலும், ஆட்டமே இருக்காது என்று பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். இன்னும் சிலர் செலவை நினைத்து மறுப்பார்கள். அவர்களிடம் கணக்கைக் காட்டினாலே போதும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவர் "வேண்டாம்" என்றால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். விடுமுறை என்பது தேர்வு அல்லவே, கட்டாயம் எழுதுவதற்கு!

அந்த ஆண்டு நாங்கள் கப்பலில் போகவில்லை. அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சென்ற வாரம் அவராகவே, "அந்தக் கப்பல் பினாங்குல எத்தனை மணி நேரம் நிக்கும்?" என்று கேட்டார். ஏழு நாள் கடலையே பார்த்துக் கிடந்த சிறுவனுக்கு முதலில் தெரிந்த கரை பினாங்குதானாம்.

வருகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால், அலமாரியிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். அது காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.