அசல் அலமாரியிலேயே இருக்கட்டும்

சித்திரை மாத வெயில். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். செம்பரம்பாக்கம் ஏரிக் காற்றுகூட அன்றைக்கு எங்கள் தெருவை மறந்துவிட்டது. மொட்டை மாடியில் வற்றல் உலர்த்திவிட்டு இறங்கி வருகிறேன், வாசலில் எதிர்வீட்டு அம்மாள் நிற்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பின்னால் தலையைக் குனிந்தபடி அவள் பெண்.

"அக்கா, ஒரு யோசனை கேட்க வந்தேன். நாளைக் காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்!"

உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டேன்.

பெண் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். சாப்ட்பால் ஆட்டத்தில் கெட்டிக்காரி. அது என்ன ஆட்டம் என்று கேட்பீர்கள். பேஸ்பாலுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பந்து சற்றுப் பெரிது. தோளுக்கு மேலே கையை ஓங்காமல், கீழாகச் சுழற்றி எறிய வேண்டும். 1887-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்த ஆட்டம். தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நம் மாநிலத்துக்காக ஆடிவிட்டு வந்தவள் இந்தப் பெண்.

அதைப் பார்த்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்காரர், "படிப்புச் சம்பளம் வேண்டாம், எங்கள் கல்லூரிக்கு ஆடட்டும்" என்று சொல்லியிருக்கிறார். மெத்தச் சந்தோஷம். ஆனால் மறுநாளே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும், விளையாட்டுச் சான்றிதழ்களையும் அசலாகக் கொண்டுவந்து ஒப்படைத்து, முன்பணமாக 10,000 ரூபாயும் கட்டவேண்டுமாம்.

"அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். 'வந்த லட்சுமியை வாசலில் நிறுத்தாதே. இதுவும் போனால் செல்போன் கம்பெனிக்குத்தான் அனுப்பவேண்டும்' என்கிறார், அக்கா."

கம்பெனி வேலை ஒன்றும் கேவலமில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்றே 2024 ஆகஸ்டில் பெரிய விடுதி திறந்தார்கள். இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது பெண்களின் சம்பளத்தில்தான். ஆனால் அந்த வேலையைப் பூச்சாண்டியாகக் காட்டி, படிப்பைப் பற்றி அவசர முடிவு எடுக்கலாமா?

பெண்ணைக் கேட்டேன்: "உனக்கு என்னம்மா ஆசை?"

"கம்ப்யூட்டர் படிக்கணும், பெரியம்மா. ஆடவும் ஆடணும். ஆனா எந்தப் பிரிவு கொடுப்பாங்கன்னு அவங்க சொல்லவே இல்லை."

தாயார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கேள்வி வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை!

சகோதரிகளே, இந்த அவசரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் சாப்ட்பால் ஆடும் பெண்களைப் பிளஸ் ஒன் வகுப்புக்கு வருமுன்பே கல்லூரிகள் வளைத்துப் போட்டு வாக்குறுதி வாங்குவது வழக்கமாயிருந்தது. அந்த வாய்வார்த்தை இரு தரப்பையும் கட்டாது. சிறுமியின் மனம் மாறலாம். பயிற்சியாளரே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். கடைசியில் 2018-ல் அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் முதல் நிலைக் கல்லூரிகளுக்கு ஒரு விதி போட்டது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் தேதி வரையில் பயிற்சியாளர் அந்தப் பெண்ணிடம் கல்லூரியில் சேரும் பேச்சே எடுக்கக்கூடாது!

நம் ஊரில் பேச்சு பரீட்சைக்குப் பிறகுதான் வருகிறது. ஆனால் மற்ற கதவுகள் திறக்குமுன்பே வந்துவிடுகிறது. அதுதான் சங்கடம்.

என்னென்ன கதவுகள்? தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே அது நடந்துவிடும். நம் பெண்ணின் ஆட்டம் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா, சான்றிதழ் எந்தப் படிவத்தில், யார் கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்பதை அறிவிப்பு வந்த அன்றே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது கதவு இதைவிடப் பெரிது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவிகித முன்னுரிமை 2021-ல் சட்டமாயிற்று. அந்த வழியில் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் படிப்புச் சம்பளம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் சர்க்காரே ஏற்றுக்கொள்கிறது. அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கலந்தாய்வுக்கு வெளியே அவசரப்பட்டுச் சேர்ந்துவிட்டால், இரண்டாவது கதவு அடைத்தது அடைத்ததுதான்.

அசல் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. கல்லூரி அசலைப் பார்த்துச் சரிபார்க்கலாம், நகல் வைத்துக்கொள்ளலாம், அசலை உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்றே சொல்கிறது. அசல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், கலந்தாய்வில் எதைக் காட்டுவது?

எதிர்வீட்டு அம்மாளிடம் ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்தேன். "கல்லூரிக்காரரிடம் கோபமாகப் பேசாதே, அம்மா. இந்த ஆறு கேள்விக்கும் எழுத்தில் பதில் கேள்" என்றேன்.

எந்தப் பிரிவில் இடம்? இலவசம் என்பது படிப்புச் சம்பளம் மட்டுமா, விடுதியும் சாப்பாடும் சேர்ந்தா? ஒரு வருஷத்துக்கா, நான்கு வருஷத்துக்குமா? முழங்கால் அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை நிற்குமா? போட்டிக்குப் போன நாளில் பரீட்சை வந்தால் என்ன ஏற்பாடு? மாலைப் பயிற்சி முடிந்து இருட்டில் திரும்பும் பெண்ணுக்கு வண்டி உண்டா?

"கேட்டால் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ, அக்கா?"

"நிஜமாகவே வேண்டும் என்று நினைப்பவர்கள் கேள்வி கேட்டதற்காகப் போய்விட மாட்டார்கள்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை. என் பேச்சைக் கேட்டு அந்தப் பெண்ணுக்கு வந்த இடம் போய்விட்டால்?

போகவில்லை. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. படிப்புச் சம்பளம் மட்டும் இலவசம், அதுவும் வருஷா வருஷம் ஆட்டத்தைப் பார்த்துப் புதுப்பிக்கப்படும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்டவேண்டும், பிரிவு பிறகு முடிவாகும் என்று எழுதியிருந்தது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. எழுத்தில் வந்த பிறகுதான் கணக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பெண்ணின் தகப்பனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "கலந்தாய்வுக்கும் விண்ணப்பம் போடு" என்றாராம்.

போட்டாயிற்று. அந்தக் கல்லூரிக்கும் மரியாதையாகத் தவணை கேட்டிருக்கிறார்கள். முடிவு எப்படியும் ஆகலாம். ஆனால் முடிவு செய்யப்போவது அவர்கள்.

இதை எழுதும்போது எதிர்வீட்டுச் சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்கிறது. சான்றிதழ் உறை? தாயாரின் கூறைப் புடவைக்கு அடியில், அலமாரியில், பத்திரமாக இருக்கிறது.